குளநிலைக் கருவியும் நாளைய தண்ணீரும்

செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்காக எழுதப்படும் கருவி விளக்கங்களுக்குப் புள்ளி போடும் வேலை ஒன்று கொஞ்சக் காலமாக என் கையில் இருக்கிறது. முகவர் என்பது, சட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் மொழிமாதிரியைக் கொண்டு கேள்வியைப் புரிந்து, வேண்டிய கருவியைத் தானே அழைத்துப் பதில் தேடும் நிரல்; எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று அதற்குச் சொல்வதுதான் விளக்கம். கிளிநொச்சியில் ஒரு சிறு குழு, இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர்கள் போனில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முகவர் ஒன்றைக் கட்டி வருகிறது. குளத்தின் நீர்மட்டத்தைப் பார்ப்பது, வாய்க்கால் வாரியாகத் தண்ணீர் விடும் முறையைப் பார்ப்பது, நெல்லினங்களின் வயதைத் தேடுவது, விதைநெல்லுக்குப் பெயர் பதிவது என்று அந்த முகவரிடம் பல கருவிகள் உண்டு. விளக்கங்களை எழுதுகிறவர்கள் இளையவர்கள். எழுதியதைப் பார்த்து இது உதவும், இது உதவாது என்று சொல்வது என் பங்கு. அந்தப் பங்கை எப்படி நேர்மையாகச் செய்வது என்பதில் என் மனம் இன்னும் முழுதாக அமைதி அடையவில்லை.

தொடக்கத்தில், இந்த வேலையில் கை வைக்கும் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தோம். கருவி என்ன செய்கிறது என்று சொல்லியிருக்கிறதா, எப்போது அழைக்க வேண்டும் என்று இருக்கிறதா, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் வகையும் அலகும் உண்டா, என்ன திரும்பி வரும், ஒன்றும் வராவிட்டால் என்ன பொருள், ஓர் உதாரணமாவது இருக்கிறதா என்பவை அதிலிருந்த கேள்விகள். பட்டியலையும் விளக்கத்தையும் ஒரு பெரிய மொழிமாதிரியிடம் கொடுத்துப் புள்ளி போடச் சொன்னோம். மலிவான வேலைதான், முகவரை ஓட்டத் தேவையில்லை, ஒரு தேநீர் ஆறுவதற்குள் அட்டவணை நிறைந்துவிடும். முகவர்களோடு கருவிகளை இணைப்பதற்கான பொது வரையறையாகிய, எம்.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மொடல் கொன்ரெக்ஸ்ட் புரோட்டோகோலை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பிறகு கருவிகள் கொத்துக் கொத்தாக எழுதப்படுகின்றன. அவற்றை எடைபோட விரைவான வழி ஒன்று வேண்டும் என்று பலரும் எண்ணுவதில் வியப்பில்லை. மொழிமாதிரியின் கண்ணில் படுவது கருவியின் பெயரும் விளக்கமும் உள்ளீடுகளின் வடிவமுந்தான், உள்ளே ஓடும் நிரலை அது காண்பதேயில்லை. ஆகவே விளக்கம் ஒழுங்காக இருந்தால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்காகிவிடும் என்ற நினைப்பு எளிதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அட்டவணையின் உச்சியில் நின்றது ‘குளநிலை’ என்ற கருவி. விளக்கங்களை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம், அதைத் தமிழில் தருகிறேன்: “இரணைமடுக் குளத்தின் நீர் நிலைமை பற்றிய முழுமையான, நம்பகமான தகவலைத் தருகிறது. நீர்மட்டம் அடியிலும், இருக்கும் நீரின் அளவு ஏக்கர் அடியிலும், வான்கதவுகளின் நிலை திறப்பு அல்லது மூடல் எனவும் வரும். நீர்ப்பாசனம், தண்ணீர் கிடைப்பது, பயிர்ச்செய்கைத் திட்டமிடல் தொடர்பான எல்லாக் கேள்விகளுக்கும் பொருத்தமானது.” அடியில் கிடந்தது ‘நீர்முறை’. அதற்கு ஒரே ஒரு வசனம்: “வாய்க்கால் இலக்கத்தைக் கொடுத்தால் அந்த வாய்க்காலுக்கு அடுத்த முறைத் தண்ணீர் திறக்கும் நாளும் மூடும் நாளும் வரும்.” முதலாவதற்கு நடுவராக இருந்த மொழிமாதிரி ஏறக்குறைய முழுப் புள்ளியையும் அள்ளிக் கொடுத்திருந்தது. இரண்டாவதற்கு ‘சுருக்கம் மிகுதி, உதாரணம் இல்லை’ என்று குறிப்பு எழுதிப் பாதிப் புள்ளியோடு விட்டிருந்தது.

நாளைக்குத் தண்ணி வருமோ

பிறகு முகவரை ஓடவிட்டோம். சிறுபோகக் காலம், மழை குறைந்து குளத்து நீரை நம்பிச் செய்யும் போகம். ஒத்திகைக்கு இணங்கிய கமக்காரர் ஒருவர் முரசுமோட்டையிலிருந்து கேட்ட கேள்வி ஓட்டப் பதிவில் அப்படியே கிடந்தது: “தம்பி, நாளைக்கு எங்கடை பக்கம் தண்ணி வருமோ?” முகவர் உடனே ‘குளநிலை’யை அழைத்திருந்தது. நீர்மட்டம் 24 அடி என்று வந்தது. குளத்தில் போதிய நீர் இருப்பதால் நாளை தண்ணீர் கிடைக்கக்கூடும் என்று மிகப் பணிவாகப் பதில் சொல்லியிருந்தது. ‘நீர்முறை’யின் பக்கம் அது திரும்பியே பார்க்கவில்லை.

இரணைமடுவின் கீழ் ஒரு போகமாவது வயல் செய்தவருக்கு இந்தப் பதிலின் பிழையை விளக்க வேண்டியதில்லை. குளம் 36 அடி நிரம்பி நின்றாலும் சரி, பாதியாக நின்றாலும் சரி, நாளைக்கு ஒரு குறிப்பிட்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடுமா என்பதை நீர்மட்டம் சொல்லாது. எத்தனை ஏக்கர் சிறுபோகம் செய்வது, எந்தத் திகதியில் முதல் தண்ணீர் திறப்பது என்பவை அரசாங்க அதிபர் தலைமையில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானமாகின்றன; அதன் பிறகு இடதுகரை, வலதுகரை என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. நீர்மட்டம் அந்தத் தீர்மானத்துக்கான காரணம். தீர்மானம் எடுத்தான பின் கமக்காரருக்கு வேண்டியது திகதி. முகவர் காரணத்தைப் பார்த்துத் திகதியை ஊகித்திருக்கிறது. அந்த ஊகத்தை நம்பி ஒருவர் யூரியாவை எறிந்துவிட்டு, தண்ணீர் வராமல் வயல் காய்ந்து கிடந்தால், எறிந்ததில் ஒரு பங்கு காற்றோடு போகும். யூரியா விற்கிற விலைக்கு அது சின்ன நட்டமில்லை.

‘குளநிலை’யின் விளக்கத்தை எழுதிய பிள்ளையோடு இருந்துதான் இந்தப் பதிவை வாசித்தேன். பொறியியல் பீடத்தில் படித்து முடித்துவிட்டு வந்தவர், ஒழுங்கானவர், எழுதியதைத் திருத்தாமல் விடமாட்டார். “அண்ணை, எல்லாம் சொல்லியிருக்குத்தானே, இதிலை என்ன குறை?” என்று கேட்டார். “குறை ஒண்டும் இல்லைத் தங்கச்சி, கூடச் சொன்னதாலை வந்த வில்லங்கம்” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கேள்வியே தெளிவில்லாதது, எந்தக் கருவியும் அதில் தடுமாறும் என்றார். நியாயமான வாதம். ஆகவே வாதத்தை விட்டுவிட்டு ஒரு சோதனை செய்தோம். ‘குளநிலை’யின் விளக்கத்தில் கடைசி வசனத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற எதையும் தொடாமல், அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தோம். முகவர் இப்போது பெரும்பாலும் ‘நீர்முறை’க்குப் போனது, போய், வாய்க்கால் இலக்கம் இல்லை என்று கண்டு, “உங்கள் வயல் எந்த வாய்க்காலில் இருக்கிறது ஐயா?” என்று திருப்பிக் கேட்டது. அந்த இடத்தில் ஒரு நீர்ப்பாசன உத்தியோகத்தர் கேட்கக்கூடிய கேள்வியும் அதுதான். திருத்திய விளக்கத்தை மறுபடியும் நடுவர் மாதிரியிடம் கொடுத்தோம். புள்ளி குறைந்தது. ‘எப்போது பயன்படுத்த வேண்டும் என்ற வழிகாட்டல் இல்லை’ என்று காரணமும் எழுதியது.

என் எண்ணம் திரும்பிய இடம் இதுவே. முகவரைத் திருத்திய அதே மாற்றம் புள்ளியைக் குறைத்தது. பட்டியல் கேட்டதெல்லாம் ஒரு விளக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை; இருந்ததில் எது அளவுக்கு மீறிய உரிமை கோருகிறது என்பதைக் கேட்க அதனிடம் வழியில்லை. எங்கள் கருவிகளின் விளக்கங்களைப் பிறகு வரிசையாகப் படித்தபோது, இல்லாமை என்ற குறையைவிட, தனக்குச் சொந்தமில்லாத கேள்விகளையும் தன்பால் இழுக்கும் குறையே அதிகம் கண்ணில் பட்டது. ‘முழுமையான’, ‘எல்லா’, ‘எப்போதும்’, ‘முதலில்’ என்ற சொற்கள் வரும் இடங்களில் இப்போது நான் பேனாவை நிறுத்துகிறேன். நீளத்துக்கு மயங்கும் குணம் நடுவர் மாதிரிகளுக்கு உண்டு என்பது புதிய செய்தியல்ல. மொழிமாதிரியை நடுவராக வைப்பது பற்றி, எம்.டி.பெஞ்ச் என்ற கேள்வித் தொகுப்போடு 2023இல் வந்த ஆய்வு, நீண்ட விடைக்குச் சாய்தல், முதலில் வைத்ததற்குச் சாய்தல், தன் சொந்த விடைக்குச் சாய்தல் ஆகிய மூன்றையும் அன்றே குறித்திருந்தது.

பக்கத்துக் கருவியோடு சேர்த்துப் பார்த்தல்

ஒரு விளக்கத்தைத் தனியே எடுத்து வைத்து நல்லது என்று சொல்வதில் பொருளில்லை என்ற முடிவுக்கு இப்போது வந்திருக்கிறேன். மொழிமாதிரி அதைத் தனியே வாசிப்பதில்லை. பத்து விளக்கங்களை ஒருங்கே வைத்துக்கொண்டு, வந்த கேள்விக்கு எது என்று தேர்கிறது. மாங்குளத்தில் இறங்கி உள்ளூர் வீடொன்றுக்கு வழி கேட்டால், ஊர் தெரிந்தவர் திரும்ப வேண்டிய ஒழுங்கையைச் சொல்வதோடு நிறுத்தமாட்டார். “அதுக்கு முன்னாலை இதைப் போலவே இன்னொரு ஒழுங்கை வரும், அதுக்குள்ளை போயிடாதேங்கோ” என்றும் சொல்லிவிடுவார். அந்த இரண்டாவது வசனம் எங்கள் விளக்கங்களில் அநேகமாக இருந்ததில்லை. இருக்க வேண்டுமென்றால் எழுதுகிறவருக்குப் பக்கத்துக் கருவி எது என்று தெரிந்திருக்க வேண்டும். இளையவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கருவியை மட்டும் பார்த்து எழுதியதால், ‘குளநிலை’யை எழுதியவருக்கு ‘நீர்முறை’ என்று ஒன்று இருப்பதே பிந்தித்தான் தெரிந்தது.

ஆகவே புள்ளி அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, வேறோர் அட்டவணை போட்டோம். இடப்பக்கம், ஒரு கேள்விக்கு அழைத்திருக்க வேண்டிய கருவி. மேல்வரிசையில், உண்மையில் அழைக்கப்பட்ட கருவி. சரியானவை மூலைவிட்டத்தில் விழும். விலகி விழுந்தவை எந்தக் கருவி எந்தக் கருவியின் கேள்வியைத் திருடுகிறது என்று காட்டிவிடும். எந்தக் கருவியும் வேண்டாத கேள்விகளுக்கும் ஒரு வரிசை உண்டு. “சுகமா இருக்கிறியளோ” என்று கேட்டவருக்கும் ‘குளநிலை’யை அழைத்து நீர்மட்டம் சொன்ன முகவர் எங்களுடையது. பொருத்தமான கருவி இல்லாதபோது எதையும் அழைக்காமல் இருக்கத் தெரிகிறதா என்பதைத் தனிப் பிரிவாகவே சோதிக்கும் வழக்கம், மொழிமாதிரிகள் கருவிகளை எவ்வளவு சரியாக அழைக்கின்றன என்று அளக்கும், பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் செயற்கூறு அழைப்புத் தரவரிசையிலும் உண்டு. புதிதாக ஒரு கருவி சேரும்போது அதன் விளக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, முழு அட்டவணையையும் மறுபடி ஓட்டுகிறோம். நன்றாக இருந்த பழைய விளக்கம், புதிய ஆள் வந்து பக்கத்தில் நின்றதும் கெட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

ஒரே கேள்வியை ஒரு தடவை மட்டும் கேட்டு முடிவு கட்டுவதும் ஆகாது. சியரா நிறுவனத்தார் முகவர்களை அளக்க 2024இல் வெளியிட்ட டோ-பெஞ்ச் சோதனையில், ஒரு பணியை எட்டுத் தடவை கொடுத்தால் எட்டுத் தடவையும் சரியாக முடிகிறதா என்று பார்த்தார்கள். அப்போது முன்னணியில் இருந்த ஜி.பி.டி.-4ஓ என்ற மொழிமாதிரி, சில்லறை வணிகப் பணிகளில் அந்த அளவுகோலில் 25 சதவீதத்துக்குக் கீழேயே நின்றது. கமக்காரருக்குச் சராசரி எதற்கு? அவர் கேட்பது ஒரு தடவை. அந்தத் தடவை பிழைத்தால், அயலாருக்குச் சரியாகச் சொன்னது அவருக்கு ஆறுதலாகாது.

இந்த முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. பிழைகளைக் கண்டதும் இளையவர்கள் எல்லா விளக்கங்களிலும் ‘இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அதற்குப் பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதத் தொடங்கினார்கள். முகவர் பயந்துபோய்விட்டது. “குளத்திலை தண்ணி குறைவா நிக்குது, இந்த முறை எங்கடை வாய்க்காலுக்குத் தருவினமோ?” என்ற கேள்விக்கு இரண்டு கருவிகளும் வேண்டும், அது இரண்டையும் விட்டுவிட்டு அலுவலகத்தை நாடும்படி புத்தி சொன்னது. விலக்கு வசனம் ஒரு கருவிக்கு ஒன்று, அதுவும் அட்டவணை காட்டிய திருட்டுக்கு மட்டும் என்று பிறகு கட்டுப்படுத்தினோம். சோதனைக் கேள்விகளைப் பார்த்துப் பார்த்து விளக்கத்தைத் திருத்தினால் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பொருந்தும் விளக்கமே மிஞ்சும் என்பதால், கேள்விகளில் ஒரு பகுதியை எழுதுகிறவர்களுக்குக் காட்டாமல் நான் ஒளித்து வைத்திருக்கிறேன். இது அவர்களுக்குத் தெரியும். என்னை அதற்காகக் கேலியும் செய்கிறார்கள்.

விளக்கத்தால் தீராதவை

சரியான கருவியை அழைத்தபின்னும் வேலை முடிவதில்லை. உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று சனம் குடியிருக்கும் இடங்களுக்கே வாய்க்கால் இலக்கந்தான் பெயர். “நான் பத்தாம் வாய்க்கால்” என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய வீடு. வயல் வேறெங்கோ, சில வேளை சீதனமாக வந்த துண்டாக, இன்னொரு வாய்க்காலில் கிடக்கலாம். முகவர் வீட்டை எடுத்து வயலின் இடத்தில் போட்டது. வாய்க்கால் இலக்கம் என்ற உள்ளீட்டுக்கு எங்கள் விளக்கம் ‘முழு எண், கட்டாயம்’ என்று சொல்லியிருந்தது. பட்டியலின்படி அது குறையற்ற விளக்கம். வயல் இருக்கும் வாய்க்கால், வதிவிடம் அன்று என்று சேர்த்தோம்; ஓரளவு குறைந்தது, ஒழியவில்லை. கடைசியில் விளக்கத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, கமக்காரர் அமைப்பின் பங்கு இலக்கத்தை உள்ளீடாக்கி, வாய்க்காலைக் கருவியே தேடிக்கொள்ளும்படி மாற்றினார்கள். ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் முகவர்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு ஒப்பான ஒன்று இருக்கிறது: நிரல் திருத்தும் முகவர், வேறு கோப்புறைக்கு நகர்ந்தபின், நிற்கும் இடத்தை வைத்துச் சொல்லும் சார்புப் பாதைகளைக் கொடுத்துத் தவறிக்கொண்டிருந்தது, எப்போதும் முழுப் பாதையே வேண்டும் என்று கருவியை மாற்றியதும் தவறு நின்றுபோனது. விளக்கத்தின் தரத்தை அளக்கப் புறப்பட்டவர், அளக்கும் பொருள் சில இடங்களில் விளக்கமே அல்ல என்று கண்டுகொள்ளவும் வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறையை எந்த மொழிமாதிரியும் எங்களுக்குக் காட்டவில்லை. விளக்கத்தை மட்டும் அச்சடித்து, நிரலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, “இதைக் கேட்டால் என்ன வரும் என்று எழுதித் தாருங்கோ” என்று கேட்பது எனக்குப் பிடித்த சோதனை. அப்படி ஒரு விவசாயப் போதனாசிரியரிடம் ‘குளநிலை’யைக் கொடுத்தோம். அவர் எழுதவில்லை, கேள்விதான் கேட்டார்: “இந்த நீர்மட்டம் எத்தினை மணிக்கு எடுத்தது?” அறையில் ஒருவருக்கும் பதில் இல்லை. காலையில் ஒரு தடவை பதியப்படும் எண் அது. சிறுபோகத்தில் காலை எண்ணும் மாலை எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மாரியில், 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியது போன்ற ஓர் இரவில், காலை எண்ணை இப்போதைய நிலைமை என்று சொல்வது ஆபத்து. விளக்கத்தில் ‘இன்று காலை எடுத்த அளவு, இப்போதைய நிலை அன்று’ என்ற வசனம் ஏறியது. விடையோடு நேரமும் சேர்ந்து வரும்படி கருவியும் மாறியது. எங்கள் பட்டியலில் காலம் என்ற ஒரு வரியே இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு கேள்வியோடும் எல்லா விளக்கங்களும் சேர்ந்தே மொழிமாதிரிக்குப் போகின்றன, காசும் அதற்கேற்பவே போகிறது. மொழிமாதிரி எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக உடைத்தே வாசிக்கிறது, காசும் அவற்றின் எண்ணிக்கைக்குத்தான்; தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களாக உடைவதால்தான் விளக்கங்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, கமக்காரர் வாயால் வந்த கேள்விகள் ஒன்றிரண்டை மட்டும் தமிழில் சேர்க்கிறோம். ஒரு வசனத்தை எடுத்த பின்னும் அட்டவணையில் ஒன்றும் அசையவில்லையென்றால் அந்த வசனம் போகலாம். மொழிமாதிரியை மாற்றும்போது மட்டும் எடுத்த வசனங்களையும் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புள்ளி போடும் பட்டியலை நான் தூக்கி எறியவில்லை. அலகு விடுபட்டது, விடை ஒன்றும் வராவிட்டால் என்ன பொருள் என்று சொல்லாதது போன்றவற்றை அது நொடியில் பிடித்துத் தருகிறது, நான் தூங்கி வழியும் வேளையிலும். ஆனால் அதன் புள்ளியைக் கொண்டு ஒரு கருவியை வெளியே அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம்; தங்கச்சி இதற்கு இன்னும் அரைமனதோடுதான் தலையாட்டுகிறார்.

இந்த அட்டவணையிலும் சராசரியோடு சேர்க்கக்கூடாத கருவி ஒன்று இருக்கிறது. அது விதைநெல் பதிவு. மற்றவை பார்ப்பதோடு நிற்கின்றன, இது பதிகிறது. “பிஜி 360 இருக்கோ?” என்று ஒரு நெல்லினத்தை விசாரித்தவருடைய பெயரில் பதிவு போட்டுவிட்டால், அந்தப் பிழையை நீர்மட்டத்தைப் பிழையாகப் பார்த்த பிழையோடு ஒன்றாக எண்ண முடியாது. எம்.சி.பி.யில் ஒரு கருவி எதையும் மாற்றாதது, அல்லது அழிக்கக்கூடியது என்று குறிப்புப் போடும் வசதி உண்டு. ஆனால் நம்பகமான இடத்திலிருந்து வந்தாலொழிய அந்தக் குறிப்புகளை நம்பக்கூடாது என்று அதே வரையறை சொல்கிறது. விளக்கத்துக்குள்ளேயே கள்ளக் கட்டளைகளை ஒளித்து முகவரை ஏமாற்றலாம் என்று இன்வேரியன்ற் லாப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2025 ஏப்ரலில் காட்டிய பின் இந்த எச்சரிக்கை மிகையாகத் தோன்றவில்லை. ஆகவே ‘கமக்காரர் சம்மதித்த பின்பே அழைக்கவும்’ என்ற வசனத்தை மட்டும் நம்பாமல், அவருடைய போனுக்குப் போகும் உறுதிப்படுத்தும் இலக்கத்தைத் திருப்பித் தந்தால்தான் பதிவு நிறைவேறும்படி நிரலில் பூட்டுப் போட்டாயிற்று. அட்டவணையில் இந்தக் கருவிக்குத் தனி வரிசை. அதில் வேண்டாத அழைப்பு சுழியமாக இருக்க வேண்டும், சதவீதம் கிடையாது. மாரி மழையோடு வரும் காலபோகத்துக்கான பதிவு தொடங்குமுன் அதை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்கிறோம். விலை கேட்பவர், இருப்புக் கேட்பவர், போன போகம் பதிந்ததை நீக்கச் சொல்பவர், மகனுடைய பெயருக்கு மாற்றச் சொல்பவர் என்று கேள்விகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பூட்டுத்தான் இருக்கிறதே, ஒன்றிரண்டு வேண்டாத அழைப்பு வந்தாலென்ன என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கேட்காத பதிவுக்கு இலக்கம் போனில் வந்தால், ஏதோ அலுவலகத்து வேலை என்று எண்ணி அதைத் திருப்பித் தந்துவிடுகிற ஐயாமார் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அந்த வரிசையில் சுழியம் வரும்வரை கருவி வெளியே போகாது என்று சொல்லிவிட்டேன்.